அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஆவது எப்படி?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீ ஸ்ரீனிவாசன் அமெரிக்காவில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர் என்று படித்தேன். என் அக்கா மகள் அங்கே சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அந்தப் பதவிக்கு ஏதாவது தேர்வு உண்டா? எத்தனை ஆண்டு அனுபவம் வேண்டும்? கீழ் நீதிமன்றத்தில் தொடங்கிப் படிப்படியாகத்தான் போக வேண்டுமா? அமெரிக்காவிலேயே பிறந்திருக்க வேண்டுமா?

பதில்:

நான்குக்கும் சுருக்கமான பதில் 'இல்லை' என்பதுதான். தேர்வு கிடையாது. இத்தனை ஆண்டு வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்ற வரையறை கிடையாது. கீழிருந்து ஏறி வர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பிறப்பால் குடியுரிமை கேட்கும் பதவிகள் அங்கே அதிபரும் துணை அதிபரும்தான். ஸ்ரீனிவாசன் பிறந்தது சண்டிகரில். நீதிபதி சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட அமெரிக்க அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. படிக்காதவரை இந்தக் காலத்தில் எந்த அதிபரும் முன்மொழியப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

கதவு அகலத் திறந்திருப்பதுபோல் தோன்றும். உள்ளே இருக்கும் நாற்காலிகளை எண்ணினால் அந்த எண்ணம் போய்விடும். அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் ஒரு பக்கம் தனியாக இயங்குகின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுவோம். கூட்டாட்சி நீதிமன்றங்களில் அடித்தளத்தில் 94 மாவட்ட நீதிமன்றங்கள். அவற்றுக்கு மேலே 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள்; ஒவ்வொன்றையும் 'வட்டம்' (சர்க்யூட்) என்பார்கள். உச்சியில் உச்ச நீதிமன்றம். நடுவில் உள்ள அந்த 13 நீதிமன்றங்களுக்கும் சேர்த்துச் சட்டப்படி 179 நீதிபதி இடங்கள்தான் உண்டு. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட முதலாவது வட்டத்தில் 6 பேர். கலிபோர்னியா உள்ளிட்ட மேற்குக் கரை முழுவதையும் கட்டி ஆளும் ஒன்பதாவது வட்டத்தில் 29 பேர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வக்கீல்கள் உள்ள நாட்டில் 179 இடங்கள். அதிலும் ஒருவர் விலகினாலோ இறந்தாலோதான் இடம் காலியாகும், ஏனென்றால் பதவி ஆயுள் முழுவதற்கும். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதி 62 வயதில் வீட்டுக்குப் போகிறார். அங்கே 90 வயதிலும் தீர்ப்பு எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

எனவே 'பதவி உயர்வுப் பாதை' என்று நம்மூர் அரசு வேலை மாதிரி இதை எண்ணக்கூடாது. நான் புரிந்துகொண்ட வரையில் இந்த வாழ்க்கை இரண்டு துண்டாக உடைகிறது. பதவிக்கு முந்தைய இருபது, இருபத்தைந்து ஆண்டுகளும் சரியான ஆட்கள் கண்ணில் சரியான விதத்தில் படுவதற்கான உழைப்பு. பதவிப் பிரமாணம் எடுத்த மறுநாளிலிருந்து யார் கண்ணிலும் பட வேண்டிய அவசியமே இல்லை. முதல் துண்டுக்கு ஸ்ரீனிவாசனையே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்டதும் அவரைப் பற்றித்தான். தவிர, அந்தப் பாதையின் எல்லா மைல்கல்லும் அவர் வரலாற்றில் வரிசையாக இருக்கிறது.

அவர் தந்தையின் ஊர் திருநெல்வேலியை அடுத்த மேலத் திருவேங்கடநாதபுரம், தாயார் சென்னைக்காரர். 1967இல் பிறந்த ஸ்ரீனிவாசன் சிறு வயதிலேயே பெற்றோருடன் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் என்ற பல்கலைக்கழக ஊருக்குப் போய்விட்டார். தந்தை அங்கே கணிதப் பேராசிரியர். பள்ளிக் கூடைப்பந்து அணியில் பையனுடன் ஆடிய டேனி மேனிங் பின்னாளில் என்பிஏ நட்சத்திரம் ஆனார். ஸ்ரீனிவாசன் ஸ்டான்ஃபோர்டில் 1989இல் இளங்கலை முடித்து, அங்கேயே 1995இல் சட்டப் பட்டமும் எம்பிஏ பட்டமும் ஒன்றாக வாங்கினார்.

இதுவரை நல்ல மாணவர், அவ்வளவுதான். அடுத்த மூன்று ஆண்டுகளில்தான் விஷயம் இருக்கிறது. 1995இல் நான்காவது வட்ட நீதிபதி ஹார்வி வில்கின்சனிடம் ஓராண்டு லா கிளார்க். அடுத்த ஆண்டு சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் பயிற்சி வக்கீல். அதற்கடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் சாண்ட்ரா டே ஓ'கானரிடம் லா கிளார்க்.

கிளார்க் என்றதும் நம் நீதிமன்ற வளாகங்களில் கட்டுக் கட்டாக ஃபைல் சுமக்கும் குமாஸ்தாவை நினைத்துவிடாதீர்கள். மேல்முறையீட்டு நீதிபதி ஒருவருக்கு வழக்கமாக நான்கு கிளார்க்குகள். எல்லாரும் முதல் தர மதிப்பெண்ணோடு சட்டம் முடித்த இளைஞர்கள். வேலை பெரும்பாலும் ஓராண்டு. வழக்குக் கட்டைப் படித்து, இரு தரப்பு வாதத்தையும் எடைபோட்டு, நீதிபதிக்கு முன்கூட்டியே குறிப்பு எழுதித் தருவது அவர்கள் வேலை. தீர்ப்பின் முதல் வரைவு பல அறைகளில் அவர்கள் கையிலிருந்துதான் பிறக்கிறது. இருபத்தேழு வயதில் ஒரு தீர்ப்பு எப்படிக் கட்டப்படுகிறது, எந்த வாதம் நீதிபதியை அசைக்கிறது, எது எரிச்சல் மூட்டுகிறது என்று உள்ளிருந்து பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் உள்ள இடைவெளி வாழ்நாள் முழுவதும் தெரியும்.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு முப்பத்தாறு பேர் அளவுக்குத்தான் கிளார்க் இடம். அங்கே ஓராண்டு வேலை பார்த்து வெளியே வருபவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பெரிய வக்கீல் நிறுவனங்கள் தரும் சேர்க்கைத் தொகை மட்டுமே 4 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டதாகச் செய்திகள் வருகின்றன. பணத்தைவிட முக்கியம் சக கிளார்க்குகள். பின்னாளில் செனட்டரான டெட் குரூஸ், வில்கின்சன் இருந்த அதே நான்காவது வட்டத்தில் வேறொரு நீதிபதியிடம் அதே ஆண்டு கிளார்க்காக இருந்தவர். பதினெட்டு ஆண்டு கழித்து ஸ்ரீனிவாசனைச் செனட் குழு விசாரித்தபோது எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்த குரூஸ், தாங்கள் நெடுநாள் நண்பர்கள் என்றும், அந்த நட்பே உங்களுக்கு வினையாகிவிடக்கூடாது என்றும் வேடிக்கையாகச் சொன்னார். அந்தப் பழைய அறிமுகத்தின் மதிப்பு அதில் தெரியும்.

பிறகு ஸ்ரீனிவாசன் ஓ'மெல்வனி அண்ட் மையர்ஸ் என்ற நிறுவனத்துக்கும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்துக்கும் மாறி மாறிப் போய்வந்தார். 2002 முதல் 2007 வரை அரசு வக்கீல்; பிறகு நிறுவனத்தில் பார்ட்னர்; 2011இல் முதன்மைத் துணை சொலிசிட்டர் ஜெனரல். இந்த அலுவலகத்தின் வேலை உச்ச நீதிமன்றத்தில் அமெரிக்க அரசுக்காக வாதாடுவது. அங்கே ஒரு விசேஷம் உண்டு: ஜனநாயகக் கட்சி அரசு, குடியரசுக் கட்சி அரசு இரண்டிலும் அதே படியில் ஏறி வாதாட முடியும், அவர் அப்படித்தான் செய்தார். ஜார்ஜ் புஷ் காலத்தில் ஐந்து ஆண்டு. ஒபாமா காலத்தில் மீண்டும். தனியார் வக்கீலாக இருந்தபோது என்ரான் ஊழலில் சிறை சென்ற ஜெஃப்ரி ஸ்கில்லிங்குக்காக 2010இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஓரளவு வெற்றியும் பெற்றார். இடதுசாரிகளுக்கு அது உறுத்தலாக இருந்தது. கட்சிக்காரர் யார் என்பதை வைத்து வக்கீலை எடைபோடுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் நியமன அரசியலில் அது நடக்கத்தான் செய்கிறது.

2012 ஜூனில் ஒபாமா அவரைத் தலைநகர வட்டத்துக்கு, அதாவது வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு, முன்மொழிந்தார். அந்தச் செனட் காலம் முடிந்ததால் பெயர் 2013 ஜனவரியில் திருப்பி அனுப்பப்பட்டது. மறுநாளே மீண்டும் முன்மொழியப்பட்டார். ஏப்ரல் 10ஆம் தேதி செனட் நீதித்துறைக் குழு முன் ஆஜரானார். அதற்கு இரண்டு வாரம் முன்புதான், மார்ச் 27ஆம் தேதி, ஒருபாலினத் திருமணம் தொடர்பான வின்ட்சர் வழக்கில் அரசுத் தரப்பில் உச்ச நீதிமன்றத்தில் நின்றிருந்தார். நாடே இரண்டாகப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த வழக்கு. இருந்தும் குழுவில் 18க்கு 0. மே 23ஆம் தேதி முழுச் செனட்டில் 97க்கு 0. டெட் ஓல்சன், கென் ஸ்டார், பால் கிளெமென்ட் போன்ற குடியரசுக் கட்சிக்காரர்கள், சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தின் முன்னாள் தலைகள், ஆதரவுக் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். இருபது ஆண்டு உழைப்பு என்று நான் சொன்னது இந்தக் கையெழுத்துகளைத்தான். செப்டம்பரில் நடந்த பதவியேற்பு விழாவில் பகவத் கீதையின்மேல் கைவைத்து அவர் உறுதிமொழி எடுத்தார், செய்துவைத்தவர் ஓ'கானர்.

இந்த ஒரு வழிதான் என்று நினைக்க வேண்டாம். மாவட்ட நீதிபதியாக இருந்து மேலே வருபவர்கள் நிறைய. அமுல் தாப்பர் கென்டக்கியில் அரசு வழக்கறிஞராக இருந்து, மாவட்ட நீதிபதியாகி, 2017இல் ஆறாவது வட்டத்துக்குப் போனார். கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் மாவட்ட நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என மூன்று நிலைகளிலும் கிளார்க்காக இருந்தவர். பிறகு ஏழைக் குற்றவாளிகளுக்கு வாதாடும் அரசு வக்கீல். 2013இல் மாவட்ட நீதிபதி. 2021இல் தலைநகர வட்டம். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம். ரிச்சர்ட் போஸ்னர், ரூத் பேடர் கின்ஸ்பர்க், ஏமி கோனி பாரெட் மூவரும் சட்டப் பேராசிரியர்களாக இருந்து நேராக மேல்முறையீட்டு நீதிமன்றம் போனவர்கள். அதற்கு முன் ஒருநாள்கூட நீதிபதியாக இருந்ததில்லை. ஸ்டீபன் பிரேயர் செனட் நீதித்துறைக் குழுவுக்கே ஆலோசகராக வேலை பார்த்தவர். 1980இல் கார்ட்டர் தேர்தலில் தோற்றுப்போன பிறகும் இரு கட்சியினரும் அவரை உள்ளே அனுப்பிவைத்தார்கள், ஏனென்றால் அவர்கள் எல்லாருக்கும் அவரைத் தினமும் பார்த்துப் பழக்கம். இந்தப் படியில் முதலில் உட்கார்ந்த பெண் ஃபுளோரன்ஸ் ஆலன். ஒஹாயோ மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தலில் நின்று வென்றவர், 1934இல் ரூஸ்வெல்ட் நியமித்தார். காப்புரிமை வழக்குகளைப் பார்க்கும் ஃபெடரல் வட்டத்தில் 1984இல் நியமிக்கப்பட்ட பாலின் நியூமன் வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்று, ஒரு ரசாயன நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்தவர். 2022இல் ஒன்பதாவது வட்டத்துக்குப் போன ரூபாலி தேசாய் அரிசோனாவில் தேர்தல் வழக்குகள் நடத்திய தனியார் வக்கீல்.

இவர்களில் பலருக்குப் பொதுவாக இருப்பது கிளார்க் வேலை. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று: முன்மொழியும் அதிகாரம் கொண்டவர்களின் வட்டத்தில் அவர்கள் பெயர் முன்பே அடிபட்டிருந்தது.

இனி நியமன எந்திரம். ஒரு நீதிபதி விலகப் போகிறேன் என்று கடிதம் எழுதுகிறார். வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் அலுவலகத்தில் ஏற்கெனவே பெயர்ப் பட்டியல் இருக்கும். அந்த மாநிலத்துச் செனட்டர்களைக் கலந்து பேசுவார்கள். முன்பெல்லாம் சொந்த மாநிலச் செனட்டர், தம் கருத்தைக் கேட்டு அனுப்பப்படும் 'நீலத் தாளை'ச் சம்மதம் சொல்லித் திருப்பித் தராவிட்டால் பெயர் நகராது. மாவட்ட நீதிபதிகளுக்கு அந்த வழக்கம் நீடிக்கிறது. மேல்முறையீட்டு நீதிபதிகள் விஷயத்தில் 2018 முதல் செல்லாக்காசு. தலைநகரான வாஷிங்டனுக்குச் செனட்டர்களே கிடையாது என்பதால் ஸ்ரீனிவாசனின் நீதிமன்றத்துக்கு அந்தத் தொல்லை எப்போதும் இருந்ததில்லை. எஃப்பிஐ பின்னணி விசாரணை நடக்கும். அமெரிக்க வக்கீல் சங்கம் 'மிகத் தகுதியானவர்', 'தகுதியானவர்', 'தகுதியற்றவர்' என்று மதிப்பிடும். அந்த மதிப்பீட்டுக்கு எவ்வளவு மரியாதை என்பது ஆளும் கட்சியைப் பொறுத்தது. பிறகு செனட் குழுவின் கேள்வித்தாள், பகிரங்க விசாரணை, குழு வாக்கெடுப்பு, முழுச் செனட் வாக்கெடுப்பு.

இவற்றில் எங்கு வேண்டுமானாலும் வண்டி நின்றுவிடலாம். நின்றவர்கள் சாதாரண ஆட்கள் அல்லர். பின்னாளில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியான ஜான் ராபர்ட்ஸை 1992இல் முதல் புஷ் தலைநகர வட்டத்துக்கு முன்மொழிந்தார்; வாக்கெடுப்பே நடக்கவில்லை; 2003இல்தான் அதே நீதிமன்றத்தில் உட்கார முடிந்தது. இடையில் பதினொரு ஆண்டுகள். எலினா ககனை 1999இல் கிளின்டன் முன்மொழிந்தார், விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. அவர் ஹார்வர்டு போய், சட்டக் கல்லூரித் தலைவராகி, சொலிசிட்டர் ஜெனரலாகி, 2010இல் உச்ச நீதிமன்றத்துக்கே வந்துவிட்டார். இன்று அந்த நீதிமன்றத்தில் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்திராத ஒரே ஆள் அவர்தான். மிகெல் எஸ்ட்ராடா இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து 2003இல் தாமே விலகிக்கொண்டார். கெய்ட்லின் ஹாலிகன் அதே தலைநகர வட்டத்துக்கு ஒபாமா முன்மொழிந்த பெயர். விவாதத்தை முடித்து இறுதி வாக்கெடுப்புக்குப் போக அப்போது தேவைப்பட்ட 60 வாக்கு சேராமல் 2013 மார்ச்சில் விலகினார். அடுத்த மாதம்தான் ஸ்ரீனிவாசனின் விசாரணை. ஒரே நீதிமன்றம், ஒரே அதிபர், ஒரே செனட். ஒருவருக்கு முட்டுக்கட்டை, இன்னொருவருக்கு 97 வாக்கு. தகுதி வேறுபாடு என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. இடத்தை முழுக்கப் பூட்டி வைத்தால் எதிர்விளைவு வரும் என்று குடியரசுக் கட்சி கணக்குப் போட்டதில் ஸ்ரீனிவாசனுக்கு வழி கிடைத்தது என்பது என் எண்ணம். அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி, அடுத்த மூன்று பெயர்களும் தடுக்கப்பட்ட பிறகு, ஜனநாயகக் கட்சி 52க்கு 48 என்ற வாக்கில் விதியையே மாற்றியது. இப்போது சாதாரணப் பெரும்பான்மை போதும். அதன் விலையும் தெரிகிறது: 97க்கு 0 போய், தாப்பருக்கு 52க்கு 44, 2019இல் நியோமி ராவுக்கு 53க்கு 46. கட்சி வரிசை அப்படியே வாக்காகிறது.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே போனால் என்ன வேலை?

சாட்சி விசாரணை கிடையாது, ஜூரி கிடையாது, கட்சிக்காரர் முகத்தைக்கூடப் பெரும்பாலும் பார்க்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்தில் பதிவான ஆவணங்களும் இரு தரப்பு எழுத்து வாதமும் மேஜைக்கு வரும். அதில் சட்டப் பிழை இருக்கிறதா என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு பார்க்கும். ஆண்டுக்கு நாற்பதாயிரம் அளவில் மேல்முறையீடுகள் வருகின்றன. பெரும்பாலானவை வாய்மொழி வாதமே இல்லாமல் முடிந்துவிடும். வாதம் நடந்தாலும் ஒரு தரப்புக்குப் பத்து, பதினைந்து நிமிடம். வக்கீல் இரண்டாவது வாக்கியத்தை முடிப்பதற்குள் கேள்வி பாயும். ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு பழக்கம். சிகாகோவில் உள்ள ஏழாவது வட்டத்தில் எந்த மூன்று நீதிபதிகள் என்பதை அன்று காலையில்தான் சொல்வார்கள். ஸ்ரீனிவாசன் கிளார்க்காக இருந்த நான்காவது வட்டத்தில், ரிச்மண்ட் நகரில், ஒவ்வொரு வழக்கின் வாதமும் முடிந்ததும் மூன்று நீதிபதிகளும் மேடையை விட்டு இறங்கி வந்து இரு தரப்பு வக்கீல்களோடும் கைகுலுக்குகிறார்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் தோலுரித்த வக்கீலாக இருந்தாலும் சரி.

பிறகு மூவரும் தனியே கூடுவார்கள். யார் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் மூத்தவர் தீர்ப்பு எழுதும் பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பார். வரைவு மற்ற இருவருக்கும் போகும், 'இந்தப் பத்தியை எடுத்துவிட்டால் சேர்ந்துகொள்கிறேன்' என்ற வகைக் கடிதங்கள் வரும், மாதங்கள் ஓடும். இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்ற தொலைத்தொடர்பு ஆணையத்தின் விதி பற்றிய இணையச் சமவாய்ப்பு வழக்கில் 2015 டிசம்பரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வாதம் கேட்டார்கள். தீர்ப்பு வந்தது 2016 ஜூனில். டேவிட் டேட்டலும் ஸ்ரீனிவாசனும் சேர்ந்து எழுதினார்கள். டேட்டல் பார்வையற்றவர், அமெரிக்காவின் மதிப்புமிக்க நீதிபதிகளில் ஒருவராக இருந்தவர். மூன்றாமவர் ஸ்டீபன் வில்லியம்ஸ் பகுதி மாறுபட்டார். எல்லாம் சேர்த்து 180 பக்கத்துக்கும் மேல். அடுத்த ஆண்டே ஆட்சி மாறி, தொலைத்தொடர்பு ஆணையம் அந்த விதியைத் தானே ரத்து செய்துவிட்டது. இந்த வேலையில் அதற்கும் மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் அதிகாரம் சாதாரணமானதல்ல. உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு அறுபது, எழுபது வழக்குகளைத்தான் எடுத்து விசாரிக்கிறது. மற்ற அனைத்திலும் கடைசி வார்த்தை இந்த மூன்று பேருடையது.

சம்பளம் 2025 கணக்குப்படி ஆண்டுக்கு 2,62,300 டாலர். நமக்குப் பெரிதாகத் தெரியும். பெரிய நிறுவனத்தில் பார்ட்னராக இருந்தவருக்கு அது பழைய வருமானத்தில் ஒரு சிறு பங்கு. அவருடைய கிளார்க் அடுத்த ஆண்டு தனியாருக்குப் போனால் ஏறத்தாழ இவர் அளவுக்கு, சில சமயம் இவரைவிட அதிகமாகவே, வாங்குவான். ஒரே ஆறுதல், பதவியில் இருக்கும்வரை அந்தச் சம்பளத்தைக் குறைக்க யாருக்கும் அதிகாரமில்லை. அரசமைப்புச் சட்டமே அதைச் சொல்கிறது.

பதவி உயர்வு? தலைமை நீதிபதி பதவியைச் சொல்லலாம். அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. 65 வயது ஆகாதவர்களில், குறைந்தது ஓராண்டு பணியாற்றியவர்களில், பணிமூப்பில் முதலில் நிற்பவருக்குத் தானாகவே வந்து சேரும். அதிகபட்சம் ஏழு ஆண்டு. கூடுதல் சம்பளம் ஒரு காசு கிடையாது. 2020 பிப்ரவரியில் மெரிக் கார்லண்டின் ஏழு ஆண்டு முடிந்தபோது ஸ்ரீனிவாசனுக்கு முன்னால் இருந்தவர்களெல்லாம் வயதைத் தாண்டியிருந்தார்கள். தாமஸ் கிரிஃபித் 65ஐத் தொட்டு ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆக, 52 வயதில், ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தலைமை ஏற்ற முதல் தெற்காசிய வம்சாவளியினர் ஆனார். இது சாதனைதான்; ஆனால் நம் பத்திரிகைகள் அப்போது எழுதியது மாதிரி யாரோ அவரைப் பார்த்துப் 'பதவி உயர்வு' கொடுக்கவில்லை. காலண்டர் கொடுத்தது.

இன்னொரு உயர்வு உச்ச நீதிமன்றம். இன்றைய ஒன்பது பேரில் எட்டுப் பேர் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தவர்கள். அதில் நான்கு பேர் தலைநகர வட்டத்திலிருந்து மட்டும். 2016இல் ஸ்ரீனிவாசன் பெயரும் ஒபாமாவின் இறுதிப் பட்டியலில் இருந்ததாகப் பரவலாகச் செய்தி வந்தது. தேர்வானவர் கார்லண்ட், அவரையும் செனட் விசாரணைக்கே அழைக்கவில்லை. 179 பேரில் மிகச் சிலருக்கே வாய்ப்பது இது. அதைக் கணக்கில் வைத்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதியை எழுத்திலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம் என்பது என் சொந்தக் கருத்து.

விலகுபவர்களும் உண்டு. மைக்கேல் லூட்டிக் 2006இல் ஆயுள் பதவியை விட்டுவிட்டு போயிங் நிறுவனத்துக்குப் போனார். மற்றவர்கள் பெரும்பாலும் 'மூத்த நிலை' என்ற ஏற்பாட்டுக்கு மாறுகிறார்கள்: வயது 65ஐ எட்டி, வயதும் பணியாண்டும் சேர்ந்து 80 ஆனால், குறைந்த வழக்குகளோடு தொடரலாம், இடம் காலியானதாகக் கணக்கு. எந்த அதிபர் காலத்தில் அந்தக் கடிதத்தை எழுதுவது என்று பார்த்து எழுதுவது இரு தரப்பிலும் உண்டு. நான்காவது வட்டத்தின் ஜேம்ஸ் வின் 2024 தேர்தல் முடிவு தெரிந்த பிறகு, தம் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழு நேர நீதிபதியாகவே நீடித்தார். நீக்குவது மிக அரிது. நாட்டின் வரலாறு முழுவதிலும் பிரதிநிதிகள் சபை 15 கூட்டாட்சி நீதிபதிகள்மீது பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்தது, செனட் நீக்கியது 8 பேரை. மேலே சொன்ன பாலின் நியூமனைத் தொண்ணூற்றாறு வயதில், மருத்துவப் பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை என்று சக நீதிபதிகள் 2023இல் வழக்குகளிலிருந்து விலக்கி வைத்தார்கள். அவர் பதவி போகவில்லை, வழக்குதான் வருவதில்லை. அவர் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்.

இனி உங்கள் அக்கா மகள் விஷயம். 'நீதிபதி ஆக வேண்டும்' என்று இப்போதே திட்டம் போடுவதில் பயனில்லை. நல்ல கிளார்க் வேலைக்குத் திட்டம் போடலாம். முதலாண்டு மதிப்பெண்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. கல்லூரியின் சட்ட ஆய்விதழில் இடம் பிடிக்க வேண்டும். அவளுடைய எழுத்தை வரி வரியாகத் திருத்தித் தரும் ஒரு பேராசிரியரிடம் ஒட்டிக்கொள்ள வேண்டும். நீதிபதிக்குத் தொலைபேசியில் பேசப் போவது அவர்தான். விண்ணப்பங்களை இரண்டாம் ஆண்டு முடியும் ஜூனில்தான் பார்ப்போம் என்று நீதிபதிகள் பலருக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. அதை மதிக்காமல் முன்னதாகவே ஆள் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவள் இன்னும் அமெரிக்கக் குடியுரிமை பெறவில்லை என்றால் சம்பளத்தோடு கூடிய கூட்டாட்சி கிளார்க் வேலைக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. அதைக் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முதல் வேலையாகக் கேட்கச் சொல்லுங்கள்.

கூடவே, எழுதுவது, பேசுவது எல்லாவற்றுக்கும் இன்றே ஒரு கோப்பு தொடங்கச் சொல்லுங்கள். செனட் கேள்வித்தாள் வாழ்நாளில் வெளியிட்ட ஒவ்வொரு கட்டுரையையும், ஆற்றிய ஒவ்வொரு உரையையும் கேட்கும். ஒன்பதாவது வட்டத்துக்கு 2010இல் முன்மொழியப்பட்ட குட்வின் லியு நூற்றுக்கும் மேற்பட்ட பழைய உரைகளையும் கட்டுரைகளையும் பட்டியலில் விட்டுவிட்டுப் பிறகு அனுப்பினார். மறைத்தார் என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது. மறு ஆண்டு அவர் பெயர் செனட்டில் முடங்கியது. இப்போது அவர் கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி.